வெள்ளை மாத்திரை

இராயப்பன்பட்டிக்குக் கிழக்கே, மேகமலை அடிவாரத்தில் இருந்தது மிக்கேலின் திராட்சைத் தோட்டம். கல்தூண்களை நட்டு, கம்பி இழுத்துக் கட்டிய பந்தல். அதற்கடியில் ஆள் நிமிர்ந்து நடக்க முடியாது. குலை வெட்டுகிற பெண்கள் காலையில் குனிந்தால் மத்தியானக் கஞ்சிக்குத்தான் இடுப்பை நிமிர்த்துவார்கள். பந்தலின் அந்தக் கோடியில் மிக்கேலின் சத்தம் கேட்டால் இந்தக் கோடியில் கத்தரி பிடித்திருக்கிறவள் பாதிப் பேச்சை விழுங்கிவிடுவாள். குலையை அழுத்திப் பிடித்தாலும் ஏச்சு, காம்பை நீளமாக விட்டாலும் ஏச்சு. அக்கம்மாள் புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் துக்கம் ஆறுமுன்னே வெட்டுக்கு வந்தாள். வெட்டிக்கொண்டே அழுதாள். மிக்கேல் அவள் பக்கத்தில் வந்து குனிந்து சொன்னார்:

“அழுகுறதா இருந்தாப் பந்தலுக்கு வெளிய போயி அழுதுட்டு வா. கண்ணீரு பட்டுச்சுன்னா பழத்து மேல இருக்க மாவு கலைஞ்சு போகும். யாவாரி எடுக்க மாட்டான்.”

அக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த குலைக்குப் போனாள்.

அவர் பெண்டாட்டி லூர்து மேரிக்கு இதெல்லாம் புதிதில்லை. அவள் வாயில் இடது பக்கம் கடைவாய்ப் பல்லே கிடையாது. மகள் அனிதா வயிற்றில் இருந்தபோது பல்வலி வந்து, சுவரில் தலையை முட்டிக்கொண்டு கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றதற்கு, “பல்லுக்கெல்லாம் ஆஸ்பத்திரி போற வம்சமா நீ?” என்றவர், பந்தல் கம்பி முறுக்குகிற கொறடை அடுப்பில் காட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அவள் தலையைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. பல் பாதியில் முறிந்தது. மீதி வேர் உள்ளேயே கிடந்து, சீழ் கோத்து, பக்கத்துப் பற்களையும் கூட்டிக்கொண்டு வருசக்கணக்கில் தானாக விழுந்தது.

அந்த மிக்கேலுக்கு ஆவணி வெட்டு நேரத்தில் பல்வலி வந்தது. வலது பக்கக் கீழ்க் கடைவாய். கிராம்பு வைத்தார். பிராந்தியை வாயில் ஊற்றி அடக்கிப் பார்த்தார். புகையிலையைக் கசக்கி வைத்ததில் வாந்திதான் வந்தது. கடைசியில் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு, லூர்து மேரியையும் கூட்டிக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினார்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தாள்.

“வேர் வரைக்கும் சொத்தை போயிருக்கு. எடுத்துரலாம். இல்லேன்னா ரூட் கெனால் பண்ணலாம். நரம்பை எடுத்துட்டுச் சுத்தம் பண்ணி அடைச்சிரலாம். பல்லு தங்கும்.”

“எடுக்கவேண்டாம்,” என்றார் மிக்கேல். கொறடு என்கிற சொல்லை டாக்டர் சொல்லவே இல்லை. ஆனாலும் அவர் கண் தட்டில் பளபளத்த சாமான்களைச் சுற்றிச் சுற்றி வந்ததை லூர்து மேரி பார்த்தாள். “புடுங்குறது கிடுங்குறதெல்லாம் வேண்டாம் தாயி. நீங்க அதையே பண்ணுங்க.”

ஊசி போட்டு, பல்லைக் குடைந்து, மெல்லிய கம்பிகளை விட்டு விட்டு எடுத்தார்கள். நாற்காலியின் கைப்பிடியை மிக்கேல் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. லூர்து மேரி சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் டாக்டர் அவளிடம் வந்தாள். அவருக்குத்தான் நாக்கும் உதடும் மரத்துக் கிடந்ததே.

“உள்ள நிறையச் சீழ் இருந்துச்சும்மா. தற்காலிகமா அடைச்சிருக்கேன். மருந்து தெளிஞ்சதும் வலி வரும். வீங்கினாலும் வீங்கும், பயந்துறாதீங்க. ரெண்டு கலர்ல இருக்க கேப்சூல் சீழுக்கு. அதை ஒரு வேளைகூட விடக்கூடாது. இந்த வெள்ளை மாத்திரை வலிக்கு. இந்தச் சின்னது வயித்துக்கு, புண்ணு வராம இருக்க. அந்தப் பக்கம் எதையும் மெல்லக் கூடாது. வலி ரொம்ப இருந்தா உடனே கூட்டிட்டு வாங்க.”

“சரிங்கம்மா,” என்று லூர்து மேரி மூன்றையும் தனித்தனியாகச் சேலை முனையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மரப்பு விட்டது. மிக்கேல் கட்டிலில் குப்புற விழுந்து தலையணையைக் கடித்தார். லூர்து மேரி டாக்டர் சொன்னபடியே எல்லாவற்றையும் கொடுத்தாள். சத்தியமாக, அன்றைக்குக் கொடுத்தாள். அடுப்பில் நொய்க்கஞ்சி கொதித்து இறங்குமுன்னே வலி மட்டுப்பட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். கஞ்சியை உறிஞ்சிக் குடித்தார். குடித்ததும் உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“எங்கடி அவ, நர்சம்மா? பெட்டி கட்டியாச்சா?”

மகள் அனிதா மேரி கதவோரம் வந்து நின்றாள். கான்வென்ட்டுச் சிஸ்டர் பேசி, திண்டுக்கல்லில் நர்சிங் படிக்க இடம் வாங்கிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

“அந்தப் பெட்டியைத் தூக்கி அடுப்புல போடு. நாளான்னைக்குச் சனிக்கெழமை. தெரசாளும் நானும் போயிச் சாமியாரைப் பாக்கோம். ஞாயித்துக்கெழமைப் பூசையில உனக்கும் அருண் ஜோசப்புக்கும் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிருவோம். கண்டவன் பீ மூத்திரம் அள்ளுறதுக்கா உன்னைய வளத்தேன்?”

அருண் ஜோசப், மிக்கேலின் தங்கை தெரசாளின் மகன். கூடலூரில் இருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டினான். குடித்துவிட்டுப் பெற்றவளையே முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டவன். கல்யாணம் கட்டினால் திருந்துவான் என்று தெரசாள் நம்பினாள். அதற்கு அண்ணன் மகளைக் கேட்டாள். அண்ணன் மறுபேச்சு பேசவில்லை.

“ஏங்க, புள்ளை படிக்கணும்னு…” என்று லூர்து மேரி வாயெடுத்தாள். கஞ்சிக் கும்பா அவள் தோளில் பட்டு உருண்டது.

அனிதா உள்ளே போய்விட்டாள். லூர்து மேரி சிந்திய மிச்சக் கஞ்சியைத் துடைத்தாள். துடைக்கும்போதே அவளுக்கு ஒன்று புரிந்தது. சற்று முன்பு வரை இந்த மனுசன் வாய் திறக்க முடியாமல் கிடந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்தது அவள் கையால் கொடுத்த வெள்ளை மாத்திரை.

மறுநாள் விடிந்தபோது முகம் வீங்கியிருந்தது. வலது கண் இடுங்கி, தாடை பப்பாளிக்காய் மாதிரி தொங்கியது. மிக்கேல் விரலால் வாயைக் காட்டினார். லூர்து மேரி சீழுக்கான கேப்சூலைக் கொடுத்தாள். சாகக் கூடாது. அதில் அவள் தெளிவாக இருந்தாள். வயிற்றுக்கான சின்ன மாத்திரையைக் கொடுத்தாள். வலிக்கு, அந்தச் சின்ன மாத்திரையிலேயே இன்னொன்றையும் கிள்ளிக் கொடுத்தாள். அவர் மூன்றையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுப் படுத்தார். வெள்ளை மாத்திரை அட்டை உப்புச் சாடிக்குப் பின்னால் போனது.

கத்தரிகளை எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்துக்குப் போனாள். மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. பழுத்த நேரத்தில் மழை வலுத்தால் பழம் வெடித்துவிடும். வெடித்தால் அன்றைக்கே ஈ மொய்க்கும். அக்கம்மாளும் மற்றப் பெண்களும் பந்தலுக்கடியில் குந்திக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

“லூர்தக்கா, அண்ணன் வரலையா?”

“அவுக படுத்துட்டாக. வாயைத் தொறக்க முடியலை.”

அக்கம்மாள் பந்தலைப் பார்த்துக்கொண்டே, “யாரு செஞ்ச புண்ணியமோ,” என்றாள். ஒருத்தி வாயைப் பொத்தினாள். பொத்திய விரல்களுக்கிடையில் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் பந்தலே சிரித்தது. லூர்து மேரிக்கும் சிரிப்பு வந்தது. பல்லில்லாத பக்கம் தெரிய அவள் சிரித்ததை அந்தப் பெண்கள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தார்கள்.

அன்று வெட்டு பேச்சும் பாட்டுமாக நடந்தது. யாரும் ஏசாததால் யாரும் பழத்தை நசுக்கவும் இல்லை. வியாபாரி வேனோடு வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு, “என்ன ஆத்தா, இந்தத் தடவை சரக்கு சுத்தமா இருக்கு? அண்ணாச்சி எங்கன?” என்றான்.

“மேலுக்குச் சொகமில்ல. நீங்க ஏத்துங்க.”

மத்தியானம் எல்லாருக்கும் வீட்டிலேயே கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவரச் சொன்னாள். அனிதா குழம்பு கொதிக்க வைத்த வாசம் வீடு முழுக்க ஏறி, கட்டிலில் கிடந்தவர் மூக்குக்கும் போயிருக்கும். அவருக்கு உப்பில்லாத கஞ்சித் தண்ணீர்.

சனிக்கிழமை தெரசாள் ஜீப்பில் வந்து இறங்கினாள். அருண் ஜோசப் இறங்கவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். அண்ணன் கிடந்த கோலத்தைப் பார்த்துத் தெரசாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“அண்ணே, எந்திரிங்க. பொண்ணுக்கு அப்பன் நேருல வந்து சொல்லணும்னு சாமியார் சொல்லிப்புட்டாக. ஜீப்புலதான போறோம்? பையப் போயிட்டு வந்துரலாம்.”

மிக்கேல் எழுந்திருக்கப் பார்த்தார். தலையைத் தூக்கியதும் வலி மண்டைக்குள் இடித்தது. கையை ஆட்டினார். கண்ணில் நீர் கோத்தது.

“மாத்திரை குடுத்தியா மதினி?”

“வேளை தவறாமக் குடுக்கேன்,” என்றாள் லூர்து மேரி. “கேக்க மாட்டேங்குது.”

“அப்ப அடுத்த வாரந்தான்,” என்று தெரசாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஜீப் சத்தம் மறைந்ததும் அனிதா அடுக்களைக்கு வந்தாள். குழம்புக்கு உப்பு எடுக்கச் சாடியை நகர்த்தினாள். அட்டை கீழே விழுந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் உடைபட்டிருந்தது.

“அம்மா, இது அப்பாவுக்கு வலிக்குக் குடுத்ததில்ல?”

லூர்து மேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“இருந்த எடத்துல வையி.”

கட்டிலில் இருந்து முனகல் வந்தது. அனிதா அந்தப் பக்கம் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அட்டையை உப்புச் சாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, குழம்பில் உப்பை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் போட்டாள்.

திங்கட்கிழமை காலையில் சிஸ்டரோடு அவள் பஸ் ஏறினாள். கிளம்புமுன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மிக்கேல் மூடிய கண்ணோடு தாடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். “அப்பா” என்று கூப்பிட்டாள். அவர் கேட்டமாதிரி தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தெருமுனை போன் கடைக்காரர் வந்து கூப்பிட்டார். லூர்து மேரி ஓடினாள்.

“சேந்துட்டேம்மா. எடம் குடுத்துட்டாக. கட்டிலும் குடுத்துட்டாக.”

“நல்லா இரு ஆத்தா. நல்லா சாப்புடு.”

“அம்மா…” அனிதாவின் குரல் தாழ்ந்தது. “அதான் சேந்துட்டேன்ல. இனிமே அப்பாவுக்கு அதைக் குடுத்துரு. பாவம்மா.”

“குடுக்கேன்.”

“இப்பப் போயி ஒடனே குடும்மா.”

“குடுக்கேன்னு சொன்னேன்ல? போனை வையி.”

கொடுக்கத்தான் வந்தாள். அடுக்களைக்குள் போய்ச் சாடிக்குப் பின்னால் கையை விட்டு அட்டையை எடுத்தும்விட்டாள். செம்பில் தண்ணீர் மொண்டாள். அப்போது கட்டிலில் இருந்து மிக்கேல், “ஏ… லூர்து…” என்று கூப்பிட்டார். கல்யாணமாகி வந்த நாளில் இருந்து அவர் அவளை ஏய், ஏடி, கழுதை என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வலி அவர் வாயில் இருந்து அவள் பேரை வரவழைத்திருந்தது.

அவள் அட்டையை இருந்த இடத்தில் வைத்தாள். செம்புத் தண்ணீரையும் சின்ன மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை கொதித்தது. “முடியலை லூர்து. இன்னொரு மாத்திரை குடு… மண்டைக்குள்ள பொளக்குது.”

“இப்பத்தான போட்டீக? அடிக்கடி போட்டாக் கொடலு வெந்துரும்னு டாக்டரம்மா சொல்லுச்சு.”

“கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போ…”

“இந்த மழையிலயா? அந்தம்மா இப்பிடித்தான் இருக்கும்னு அன்னைக்கே சொன்னாகள்ல? பொறுத்துக்கங்க.”

மிக்கேல் அழுதார். ஏங்கி ஏங்கி, வீங்கின பக்கம் அசையாமல் மறுபக்கம் மட்டும் கோணிக்கொண்டு அழுதார். லூர்து மேரி கட்டிலோரத்தில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்து துவரம்பருப்பில் கல் பொறுக்கினாள். பொறுக்கி முடித்த பருப்பை மறுபடியும் கொட்டிப் பொறுக்கினாள். மகளுக்காகச் செய்கிறோம் என்று இதுவரைக்கும் சொல்லிக்கொள்ள முடிந்தது. இப்போது அந்தச் சாக்கும் திண்டுக்கல்லுக்குப் போய்விட்டது. அது தெரிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவள்போல மெத்தென்று இருந்தது அவளுக்கு.

கேப்சூல் வேலை செய்தது. வீக்கம் கொஞ்சங்கொஞ்சமாக வடிந்தது. கண் திறந்தது. ஒருநாள் காலையில் மிக்கேல் தானாக எழுந்துவந்து அடுப்படியில் குந்தி, “காப்பி இருக்கா?” என்றார். ஆறவைத்துக் கொடுத்தாள். இடது பக்கமாக வைத்து உறிஞ்சினார்.

“எங்க அனிதா?”

“சிஸ்டரோட திண்டுக்கல்லுக்கு அனுப்பிட்டேன். சேந்து படிக்கா.”

சொல்லிவிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். டம்ளர் பறந்து வரவில்லை. மிக்கேல் தாடையைத் தடவிக்கொண்டார்.

“படிக்கட்டும் போ,” என்றார். “நோவுல கெடக்கிறவனுக்குப் பக்கத்துல ஒரு ஆளு வேணும்டி. அது எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது. நீ மட்டும் இல்லேன்னா நான் செத்திருப்பேன்.”

லூர்து மேரிக்கு அடி விழுந்திருந்தால் தாங்கியிருப்பாள். இது வேறு மாதிரி இருந்தது. விறகைத் தள்ளுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றைக்கே தோட்டத்துக்குப் போய் அக்கம்மாளை, “செத்த பொணமாடி நீ, கை அசையுதா பாரு,” என்று ஏசினார். மற்றவர்களுக்கு எதுவும் மாறவில்லை. பெண்டாட்டியிடம் மட்டும் குரல் இறங்கிப் பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க எல்லாரும் வரிசையில் எழுந்தபோது, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லியிராத லூர்து மேரி எழுந்திருக்கவில்லை. “மேலு சரியில்லையா?” என்று மிக்கேல் அக்கறையாகக் கேட்டார். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஆம்பளைகள் கூடி நிற்கையில், அவள் காதுபடவே சொன்னார்: “பெத்த தாயிகூட இப்பிடிப் பாக்க மாட்டா. பக்கத்துலயே பருப்புப் பொறுக்கிக்கிட்டு உக்காந்திருப்பா. வேளாவேளைக்கு மாத்திரை.” தெரசாள் மட்டும் மதினியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஓலையைப் பற்றி அண்ணன் பேச்செடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுபடி கம்பத்துக்குப் போனார்கள். டாக்டர் தற்காலிக அடைப்பை எடுத்துச் சுத்தம் பண்ணி நிரந்தரமாக அடைத்தாள்.

“எப்பிடி இருந்துச்சு? வலி இருந்துச்சா?”

“உசுரு போயிருச்சு தாயி. ஒரு வாரம் செத்துப் பொழச்சேன்.”

டாக்டர் புருவத்தைச் சுருக்கினாள். “வெள்ளை மாத்திரை போட்டுமா? அதுக்குக் கேட்டிருக்கணுமே.” லூர்து மேரியைப் பார்த்தாள். “ஒழுங்காக் குடுத்தீங்களாம்மா?”

“அவளைச் சொல்லாதீக,” என்று நாற்காலியில் இருந்தே மிக்கேல் குறுக்கே விழுந்தார். “அவ ஒரு வேளைகூட விடலை. என் ஒடம்பு வாகு அப்பிடி.”

டாக்டர் விளக்கைத் திருப்பினாள். “சரி, இதைவிடப் பவரா எழுதித் தர்றேன். இதுக்கு அடுத்த பல்லும் சொத்தைதான். அதையும் ரூட் கெனால் பண்ணணும். இன்னைக்கே தொடங்கிரலாமா?”

மிக்கேல் முகம் செத்துப்போயிற்று. கழுத்தைத் திருப்பி, பெஞ்சில் இருந்தவளைத் தேடினார்.

“நீ என்ன சொல்ற லூர்து?”

“ஆரம்பிச்சுருவோம்,” என்றாள் லூர்து மேரி.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். மிக்கேலை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். மருந்துப் பை அவள் மடியில். வெளியே கவாத்து அடித்த தோட்டங்கள் மொட்டைக் கொடியும் கம்பியுமாகக் கிடந்தன. பாதி வழியிலேயே மரப்பு தெளியத் தொடங்கியது. அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டினார்.

முன்சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். “என்ன ஆத்தா, பல்லு புடுங்குனாகளா? பாவம், துடிக்காகளே. மாத்திரை இருந்தா ஒண்ணு போட்டுவிடு. இந்தா, எங்கிட்ட தண்ணி இருக்கு.”

பாட்டிலை நீட்டினாள்.

“வெறும் வயித்துல போடக் கூடாது,” என்றாள் லூர்து மேரி. “வீட்டுக்குப் போயித்தான் குடுக்கணும்.”

“ஒரு பிஸ்கட்டைத் தின்னுட்டுப் போடலாமே?”

மிக்கேல் நிமிர்ந்து, அந்தப் பெண்ணைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினார். பாதி மரத்த வாயால் குழறிக் குழறிச் சொன்னார்:

“அவ சொன்னாச் சரியா இருக்கும்மா. அவளுக்குத் தெரியும்.”

சொல்லிவிட்டு, வலிக்காத கன்னத்தைப் பெண்டாட்டியின் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் பாட்டிலை மூடித் திரும்பிக்கொண்டாள். லூர்து மேரி ஜன்னல் வழியே வந்த காற்றுக்கு முந்தானையை இழுத்து அவர் காதைப் போர்த்திவிட்டாள்.